பார்ப்பவர், கேட்பவர், எழுதுபவர்: இணையத்தின் மறுபாதிக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

1990ஆம் ஆண்டின் இறுதியில் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியில் ஒரு பக்கத்தைப் படிக்கலாம். அதே சாளரத்தில் திருத்தி எழுதவும் செய்யலாம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் கணினிகளில் மட்டுமே ஓடியது, அந்தக் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றக் கணினிகளுக்காக 1991இல் பரப்பிய எளிய உலாவியில் படிக்கும் வசதி மட்டுமே இருந்தது. வலை உலகெங்கும் பரவியது இந்தப் பாதி வடிவத்தில்தான்.

அந்தப் பாதி இன்றும் நம்மை விடவில்லை. பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்கைச் சொன்னார்: இணையக் குழுமங்களில் 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நின்றுவிடுவார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள 1 விழுக்காட்டினர்தான் பெரும்பகுதியையும் எழுதிக் குவிப்பார்கள். இந்த வழிகாட்டி அந்த 90இலிருந்து 9க்கு வர விரும்புகிறவர்களுக்கானது. படிப்பது குறையல்ல. தேர்ந்து படிக்கத் தெரிந்தவரால்தான் நல்ல கேள்வி கேட்க முடியும், நல்ல கேள்வி கேட்டுப் பழகியவரால்தான் பிறருக்குப் பயன்படும்படி பதில் எழுத முடியும். அதனால் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

முதல் படி: ஒரு வாரக் கணக்கு

கைப்பேசியின் அமைப்புகளுக்குள் திரைநேரக் கணக்கு இருக்கும். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஏழு நாள்கள் எதையும் மாற்றாமல் வழக்கம்போல இருங்கள். எட்டாம் நாள் ஒவ்வொரு செயலியின் நேரத்தையும் நான்கு பெட்டிகளில் பிரித்து எழுதுங்கள்: தானாக வந்ததைப் பார்த்தது, நானாகத் தேடியது, ஒருவரோடு பேசியது, ஏதாவது செய்து வெளியிட்டது.

இங்கே பலரும் செய்யும் தவறு, செயலியின் பெயரை வைத்தே பெட்டியை முடிவு செய்வது. யூடியூபில் ஒரு குழாயை எப்படிப் பழுது பார்ப்பது என்று தேடிப் பார்த்த 10 நிமிடம் தேடலில் சேரும். அதற்குப் பிறகு அடுத்தடுத்து ஓடியதைப் பார்த்த 50 நிமிடம் முதல் பெட்டிக்குப் போகும். துல்லியம் வேண்டாம், கால் மணி நேரக் கணக்கு போதும். முதல் பெட்டியிலிருந்து தினம் அரை மணி நேரம் எடுக்க முடிந்தால் கீழே வரும் அனைத்துக்கும் அந்த நேரம் போதும்.

இரண்டாம் படி: கணக்குகளைப் பூட்டுவது

பொதுவெளியில் எழுதத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். முதலில் மின்னஞ்சல் கணக்கு. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகத்தான் மீட்கிறோம், ஆகவே அது போனால் எல்லாம் போகும்.

கடவுச்சொல் மேலாளர் ஒன்றை நிறுவி, ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல்லை அதையே உருவாக்கச் சொல்லுங்கள். பிறகு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணைத் தரும் செயலி மேலானது. யாராவது உங்கள் கைப்பேசி எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டாலும் இந்த எண் அவர்களுக்குக் கிடைக்காது. செயலி காட்டும் எண்ணைத் தளம் ஏற்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் கைப்பேசியின் கடிகாரம்தான்: அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தேதியையும் நேரத்தையும் 'தானியங்கி' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டடுக்கை இயக்கும்போது பெரும்பாலான தளங்கள் காப்புக் குறியீடுகளைத் தரும். கூகுள் 10 தருகிறது, ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான். அவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கைப்பேசியில் படமெடுத்து வைப்பது வீண், கைப்பேசி தொலையும் நாளில்தானே அவை தேவைப்படும்.

மூன்றாம் படி: படிப்பதை நீங்களே அடுக்குவது

எதைப் படிப்பது என்று ஒரு நிரல் முடிவு செய்யாமல் நாமே முடிவு செய்ய 1999 முதல் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். ஒரு தளத்தில் புதிதாக எது வந்தாலும் தலைப்பு, தேதி, சுருக்கம் கொண்ட ஒரு பட்டியல் கோப்பு புதுப்பிக்கப்படும். அந்தக் கோப்புதான் ஓடை. நம்முடைய ஓடை வாசிப்பான் என்ற செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை எடுத்து வந்து, பெரும்பாலும் கால வரிசையிலேயே வைக்கும். பாட்காஸ்ட்களும் இதே ஓடை வழியாகத்தான் நம் செவிக்கு வருகின்றன.

ஃபீட்லி, இனோரீடர் போன்றவற்றில் கணக்குத் தொடங்கலாம். கணினியில் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருள் இருந்தால் அதற்குள்ளேயே இந்த வசதி உண்டு. பிடித்த தளத்தின் முகவரியை வாசிப்பானின் சேர்க்கும் பெட்டியில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கவில்லையென்றால், வேர்டுபிரஸில் இயங்கும் தளமாக இருந்தால், முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' (feed) என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். யூடியூப் சேனலின் முகவரியைக் கொடுத்தாலும் பல வாசிப்பான்கள் எடுத்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் 20 ஓடைகளுக்கு மேல் வேண்டாம். ஒரு நாளிதழின் முழு ஓடையைச் சேர்த்தால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கொட்டும். மாதம் இருமுறை எழுதும் அருமையான ஒருவரின் கட்டுரை அதில் மூழ்கிப் போகும். நாளிதழ் வேண்டுமென்றால் ஒரு பிரிவின் ஓடையை மட்டும் எடுங்கள். படிக்காமல் விட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தயங்காமல் 'எல்லாம் படித்ததாகக் குறி' என்பதை அழுத்துங்கள். அது கடன் கணக்கல்ல.

இன்னொன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஓடைப் பட்டியலை, வாசிப்பான்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஓ.பி.எம்.எல். வகைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பட்டியலைக் கோப்பாக எடுத்து வைத்திருந்தவர்கள் வேறு வாசிப்பானில் அதை ஏற்றி அன்றே தொடர முடிந்தது.

நான்காம் படி: தேடுவதும் சரிபார்ப்பதும்

தமிழில் தேடும்போது ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரே சொல்லுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன: இன்டர்நெட், இண்டர்நெட், இணையம், இணையதளம், இணையத்தளம். 'கணினி' என்று தேடினால் 'கணிணி' என்று தவறாக எழுதியவரின் நல்ல கட்டுரை கண்ணில் படாமலே போகலாம். எனவே முக்கியமான தேடலை மூன்று முறை செய்யுங்கள்: தூய சொல்லில், கடன்சொல்லில், வழக்கமான பிழையோடு. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களை விட்டு வேர்ச்சொல்லில் தேடுவதும் கைகொடுக்கும்: 'மாடித்தோட்டத்திற்கான' என்பதைவிட 'மாடித்தோட்டம்'.

குறியீடுகளில் இரண்டு போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அதே வரிசையில் அந்தச் சொற்கள் வரும் பக்கங்களைத் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி இட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் விலக்கு வேலை செய்யாது. குறிகள் நினைவில் நிற்காதவர்கள் கூகுளின் மேம்பட்ட தேடல் பக்கத்தில் இவற்றையே படிவமாக நிரப்பலாம். குறிப்பிட்ட தளம், கோப்பு வகை, காலம் ஆகியவற்றுக்கும் அங்கே தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

கிடைத்ததை நம்புவதற்கு முன் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். தன்னைப் பற்றி ஒரு தளம் சொல்லிக்கொள்வதைவிட, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்பது விரைவாக உண்மையைக் காட்டும். புதிய தாவலைத் திறந்து தளத்தின் பெயரையும், தகவலின் முக்கியச் சொற்களையும் தேடுங்கள். படமென்றால், படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் ஏற்றிப் பாருங்கள். டின்ஐயில் முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி அடுக்கலாம். நேற்றைய வெள்ளம் என்று சுற்றும் படம் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கோ வெளியானது என்று அப்போது தெரியவரும். காணொளியை அப்படியே தேட முடியாது. ஆளோ கட்டடமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் நொடியில் நிறுத்தி, திரையைப் படமெடுத்து, அந்தப் படத்தைத் தேடுங்கள்.

ஒரு பக்கம் மாறிவிட்டதா, மறைந்துவிட்டதா என்று பார்க்க இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷின் இருக்கிறது. முகவரியை இட்டால் நாள்காட்டியில் சேமித்த தேதிகள் தெரியும். ஒரு பிரதியைத் திறந்ததும் முகவரிப் பட்டையில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: ஆண்டுக்கு நான்கு, பிறகு மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. அது உலகப் பொது நேரம், உங்கள் ஊர் நேரமல்ல. நீங்கள் சான்றாகக் காட்டப் போகும் பக்கத்தை அங்கேயே சேமிக்கவும் முடியும். உள்நுழைந்தால் மட்டும் தெரியும் பக்கங்கள் அதில் சேமிக்கப்படாது.

ஐந்தாம் படி: பதில் கிடைக்கும்படி கேட்பது

'என் கணினி வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்ற கேள்விக்குப் பதில் வராததற்குக் காரணம் மக்களின் மனமின்மை அல்ல. பதில் சொல்ல விரும்புகிறவருக்கும் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நல்ல கேள்விக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்: என்ன செய்ய முயன்றீர்கள், எந்த வரிசையில் என்னென்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது, இதுவரை எதை முயன்று பார்த்தீர்கள். கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் கட்டாயம்.

பிழைச்செய்தியைப் படமாகப் போடாமல் எழுத்தாக ஒட்டுங்கள். படத்திலிருந்து எளிதாக நகலெடுத்துத் தேட முடியாது. நாளை இதே சிக்கலோடு தேடி வருபவருக்கும் உங்கள் கேள்வி கிடைக்காமல் போகலாம். ஒட்டும் முன் ஒருமுறை முழுக்கப் படித்து, கடவுச்சொல், ரகசிய விசை, வீட்டு முகவரி, கைப்பேசி எண் எதுவும் அதில் இல்லையென்று உறுதி செய்யுங்கள். மென்பொருள் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளில் இவை ஒளிந்திருப்பது சாதாரணம். பின்னர் நீக்கினாலும் அதற்குள் யாராவது நகலெடுத்திருப்பார்கள், ஆகவே வெளியான விசையை உடனே ரத்து செய்வதுதான் ஒரே வழி.

மிக நுட்பமாகக் கேள்வியைக் கெடுப்பது வேறொன்று. உண்மையான சிக்கலைச் சொல்லாமல், நாமே ஊகித்த தீர்வைப் பற்றிக் கேட்பது. 'கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை வெட்டுவது எப்படி' என்று கேட்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது கோப்பின் வகையை அறிவது. வகையைக் குறிக்கும் பின்னொட்டு எப்போதும் மூன்று எழுத்தாக இருக்காதே. 'எதற்காக இது வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சரியான வழியை யாராவது காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் போடாதீர்கள். ஓரிடத்தில் தீர்ந்தது தெரியாமல் மற்ற மூன்று இடங்களிலும் யாரோ உழைத்துக்கொண்டிருப்பார்கள். ஓரிரு நாள் காத்திருந்து பதில் வராவிட்டால் வேறிடத்தில் கேட்டு, பழைய கேள்விக்கு இணைப்புக் கொடுங்கள். தீர்வை நீங்களே கண்டுபிடித்தால் அதையும் எழுதிவிடுங்கள். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் முடிந்த பழைய இழைகள் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கின்றன!

பதில் எழுதத் தொடங்க இதுவே நல்ல கட்டம். ஓரிரு வாரம் அந்த இடத்தின் நடையைக் கவனித்துவிட்டு, உங்களுக்கு ஐயமறத் தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். அனுப்பும் முன் உங்கள் படிகளை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பிழையை யாராவது சுட்டினால் பதிலைத் திருத்துங்கள், பதிலுக்குக் கீழே வாதாட வேண்டாம்.

ஆறாம் படி: விக்கிப்பீடியாவில் முதல் திருத்தம்

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவை ஏறக்குறைய எல்லோரும் படிக்கிறோம். அதைத் திருத்தலாம் என்று தெரிந்தவர்களும் நிறைய. திருத்தியவர்கள் குறைவு; திருத்திய பிறகு அது நீக்கப்பட்டதால் மனம் நொந்து திரும்பியவர்கள் அதில் கணிசம். நீக்கப்படுவதற்கான காரணங்கள் முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஏமாற்றம் தேவையில்லை.

கணக்குத் தொடங்குங்கள். பயனர்பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்கக் கூடாது. விளம்பரக் கணக்கென்று தடை வரும். எழுதிப் பழக ஒவ்வொரு பயனருக்கும் மணல்தொட்டி உண்டு, முதல் அரை மணி நேரம் அதில் செலவிடுங்கள். பிறகு ஓர் இருக்கும் கட்டுரையைத் திறந்து எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று எழுதிச் சேமியுங்கள். சுருக்கம் எழுதாத பெரிய மாற்றங்களைப் பராமரிப்பவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

அடுத்தது ஒரு தகவலைச் சேர்ப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். விக்கிப்பீடியா ஒரு செய்தி உண்மையா என்று மட்டும் கேட்பதில்லை. அதை நம்பகமான வெளியீடு ஒன்றில் யாரும் சரிபார்க்க முடியுமா என்று கேட்கிறது. நேரில் கண்டதாகவே இருந்தாலும் வெளியீட்டுச் சான்றில்லாமல் அது நிற்காது. ஆகவே சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கியத்தை எழுதுங்கள், வாக்கியத்தை எழுதிவிட்டுச் சான்றைத் தேடாதீர்கள். சான்றின் வரிகளை அப்படியே நகலெடுத்தால் காப்புரிமை மீறலாகிவிடும். புரிந்துகொண்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். 'புகழ்பெற்ற', 'ஈடு இணையற்ற', 'மாபெரும்' போன்ற அடைமொழிகளை எழுதும்போதே விட்டுவிடுங்கள். உங்களைப் பற்றியும் உங்கள் உறவினர், முதலாளி, நிறுவனம் பற்றியும் எழுத வேண்டாம். அங்கே பிழை கண்டால், அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு கோரிக்கை வையுங்கள்.

உங்கள் மாற்றம் மீளமைக்கப்பட்டால், அதாவது யாராவது அதை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பினால், உடனே திரும்பப் போடாதீர்கள். வரலாற்றுப் பக்கத்தில் மீளமைத்தவரின் சுருக்கத்தைப் படியுங்கள், பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவான ஐயங்களைக் கேட்கும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதியவர் தயங்காமல் அங்கே போய்க் கேட்கலாம்.

புதிய கட்டுரையை 20, 30 சிறு திருத்தங்களுக்குப் பிறகு தொடங்குங்கள். அதற்குமுன் தொடங்கப்படும் கட்டுரைகள் பெரும்பாலும், தனிக் கட்டுரைக்குத் தகுந்த பொருள்தானா என்று பார்க்கும் 'குறிப்பிடத்தக்கமை' என்ற வரம்பில் சிக்கி நீக்கப்படுகின்றன. படம் சேர்க்க விரும்பினால் நீங்களே எடுத்த படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். இணையத்தில் கிடைத்த படம் வேண்டாம். 'வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற உரிமத்தையும் பொதுவகம் ஏற்காது. நீங்கள் எழுதும் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது, பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம் என்பதை ஒப்புக்கொண்டே சேமிக்கிறீர்கள்.

எழுத்தைவிட இடங்கள் மீது ஆர்வம் உள்ளவருக்கு

2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடங்களின் விக்கிப்பீடியா. ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை நிறுவி நடந்து போனால், 'இந்தச் சாலையின் மேற்பரப்பு என்ன', 'இந்தக் கட்டடம் எத்தனை மாடி' என்று கேட்கும். பார்த்துப் பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். உலாவியில் இயங்கும் ஐ.டி. தொகுப்பியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டடத்தை வரையலாம். அந்தப் படம் சில மீட்டர் விலகியிருக்கக்கூடும், எனவே ஏற்கெனவே வரைந்த சாலைகளோடு அது பொருந்துகிறதா என்று பார்த்தபின் வரையுங்கள். கூகுள் மேப்ஸிலிருந்து ஒரு பெயரைக்கூட எடுத்துப் போடக் கூடாது. உரிமம் இடம் கொடுக்காது, கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் தொகுப்புகள் நீக்கப்படும். நேரில் பார்த்த பெயர்ப்பலகை போதுமான சான்று. விக்கிப்பீடியாவுக்கு நேரெதிரான இந்த விதி இரண்டிலும் பங்களிப்பவர்களை முதலில் குழப்பும்.

ஏழாம் படி: உங்களுக்கென்று ஓர் இடம்

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஏராளமானோர் தங்கள் முதல் பக்கத்தை ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. தன்னார்வலர்கள் ஓடியாடிச் சேமித்தது போக மீதி அழிந்தது. ஆகவே எங்கே வெளியிட்டாலும் மூலப்பிரதி உங்கள் கணினியில் இருக்க வேண்டும்: முதலில் எளிய உரைக்கோப்பாக எழுதுங்கள், பிறகு தளத்தில் ஒட்டுங்கள். சமூக ஊடகத்தில் நேரடியாக எழுதிப் பழகியவர்கள் 'உங்கள் தரவைப் பதிவிறக்குக' என்ற வசதியை ஆண்டுக்கு இருமுறை பயன்படுத்துங்கள். கூகுளில் அதன் பெயர் டேக்அவுட். கோப்பு வந்ததும் திறந்து பாருங்கள், பாதியில் அறுந்த பதிவிறக்கம் திறக்காது.

உங்களுக்கே உரிய தளமுகவரியை, அதாவது சொந்தத் தளப்பெயரை வாங்கினால், எழுத்தை எந்தச் சேவையில் வைத்தாலும் முகவரி மாறாது, வாசகர் வழிதவறமாட்டார். பெயரை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யுங்கள். தளம் வடிவமைத்துத் தருபவர் தன் கணக்கில் பதிவு செய்தால், அவர் தொடர்பு அறுந்த நாளில் பெயரும் போகும்.

படங்களை ஏற்றும் முன் அவற்றுள் பதிந்திருக்கும் இடத்தகவலை நீக்குங்கள். கைப்பேசிப் படக்கோப்பின் உள்ளே அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கக்கூடும். வீட்டில் எடுத்த பூனைப் படம் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி மாற்று உரை எழுதுங்கள், திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு அந்த வரிதான் படம்.

தளப்பெயரின் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, தளப்பெயரைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரிடம் கொடுத்த கட்டண அட்டை காலாவதியாகும் மாதத்தை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். புதுப்பிப்பு தவறுவது பெரும்பாலும் இந்த அட்டையால்தான். தவறினால் ஓர் இறுதி வாய்ப்பு உண்டு. டாட்காம் போன்ற பெயர்களுக்கு நீக்கத்துக்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, ஆனால் கட்டணம் பல மடங்கு. அந்த 30 நாளும் கடந்தால், அடுத்த ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். நல்ல பெயரென்றால், அதற்காகவே காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் சில நொடிகளில் அதை எடுத்துக்கொள்ளும்.